காடாகிப்போன ஆலிவ் மரத்தைக் கவாத்து செய்து மீட்டெடுத்த பதிவு

பல ஆண்டுகளாகக் கத்தரி படாமல் வளர்ந்துவிட்ட முதிர்ந்த ஆலிவ் மரம் ஒன்று, நட்டு மூன்றாம் ஆண்டில் இருந்த இளமரம் ஒன்று, தொட்டியில் வளரும் சிறு மரம் ஒன்று என மூன்றையும் ஒரே குளிர்காலத்தின் பின்பகுதியில் கவாத்து செய்யத் தொடங்கினேன். மூன்றுக்கும் தேவைப்பட்ட வேலை வேறுவேறு. பெரும்பாலான உழைப்பையும் யோசனையையும் முதிர்ந்த மரமே எடுத்துக்கொண்டது என்பதால், இந்தப் பதிவிலும் அதற்கே அதிக இடம்.

மரத்தை வெளியிலிருந்து பார்த்தால் அடர்ந்து, செழிப்பாகவே தெரிந்தது. கிளைகளை விலக்கி உள்ளே பார்த்தபோதுதான் உண்மை நிலை புரிந்தது. இலைகள் அனைத்தும் மேற்பரப்பில் ஒரு மெல்லிய ஓடாக இருந்தன; உள்ளே இருந்தவை காய்ந்த குச்சிகளும், ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்த மொட்டைக் கிளைகளும்தான். காய்ப்பு முழுவதும் ஏணிக்கும் எட்டாத உச்சிக்குப் போய்விட்டிருந்தது. அடிமரத்தைச் சுற்றி அடிப்போத்துகள் புதர்போல் எழுந்து, சில கைத்தடி அளவுக்குப் பருத்திருந்தன. உட்கிளைகளில் கருஞ்செதில் பூச்சியும், அது சுரக்கும் இனிப்பான கழிவின் மேல் படர்ந்த கரும்பூசணமும், அந்த இனிப்பைத் தேடி ஏறும் எறும்புகளும் இருந்தன. இவற்றைத் தனித்தனிக் குறைகளாகப் பார்க்கத் தேவையில்லை. மரத்தின் நடுவே வெளிச்சமும் காற்றும் போகாததே இவை எல்லாவற்றுக்கும் பொதுவான காரணம்.

எதை வெட்டுவது என்று முடிவு செய்வதற்கு முன், ஆலிவ் எந்த மரத்தண்டில் காய்க்கிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். சென்ற வளர்பருவத்தில் நீண்ட சிம்புகளின் (இளங்கிளைகளின்) இலைக்கக்கங்களில்தான், அதாவது இலை தண்டோடு சேரும் மூலைகளில்தான், இந்தப் பருவத்தின் பூங்கொத்துகள் தோன்றுகின்றன. ஒருமுறை காய்த்த கணுக்களில் மீண்டும் காய்ப்பதில்லை. அந்தச் சிம்பின் நுனி மேலும் நீண்டால், அந்தப் புதிய நீளத்தில்தான் அடுத்த காய்ப்பு. எனவே ஒரு கிளையைக் கையில் பிடித்து நுனியிலிருந்து உள்நோக்கிப் பார்த்தால் அதன் வயதைப் படித்துவிடலாம்: நுனிப்பகுதியில் சாம்பல் கலந்த பச்சையாக, எதிரெதிர் இலைகளுடன் இருப்பது சென்ற ஆண்டின் வளர்ச்சி, அதற்குப் பின்னால் சற்றுப் பருத்து, காய்க்காம்புகளின் தழும்புகளோடு இருப்பது அதற்கு முந்தைய ஆண்டினுடையது, இலைகள் இரண்டு மூன்று ஆண்டுகளே நிற்பதால், அதற்கும் பின்னால் மொட்டையாக இருப்பது பழைய மரம். இந்த வாசிப்பு கைவந்துவிட்டால், வேலியைக் கத்தரிப்பதுபோல் நுனிகளை எல்லாம் வட்டமாகச் சீவிவிடுவது ஏன் ஆலிவுக்குப் பொருந்தாது என்பது தானாகவே விளங்கும். சீவி எறியப்படுவது அடுத்த பருவத்தின் பூ. வெட்டிய இடத்துக்குக் கீழே கிளம்புவது மேலும் அடர்ந்த இலைக்கொத்து. ஆகவே நுனிகளைக் குறுக்காமல், தேவையற்ற கிளையை அது புறப்படும் இடத்திலேயே முழுதாக எடுத்துவிடுவதே நான் பின்பற்றிய முறை.

எந்த ஆண்டில் கடுமையாக வெட்டலாம் என்பதும் இதனோடு தொடர்புடையது. ஆலிவ் ஓர் ஆண்டு மிகுதியாகவும் மறு ஆண்டு குறைவாகவும் காய்க்கும் இயல்புடையது. காய்கள் மிகுந்த கோடையில், வளர்ந்துவரும் விதைகள் அடுத்த ஆண்டுக்கான பூமொட்டு உருவாவதைத் தடுப்பதோடு, புதிய சிம்புகள் நீள்வதற்கான உணவையும் காய்களே எடுத்துக்கொள்கின்றன. இந்த மரம் சென்ற பருவத்தில் மிகக் குறைவாகக் காய்த்து, நிறையச் சிம்புகள் விட்டிருந்தது. அதாவது வரப்போவது மிகுதியாகக் காய்க்கும் ஆண்டு. அத்தகைய ஆண்டுக்கு முந்தைய குளிர்காலமே பெரிய கவாத்துக்கு ஏற்றது. வெட்டினாலும் போதிய பூ மிஞ்சும். சுமை குறைவதால் மறு ஆண்டின் காய்ப்புக் குறைவும் ஓரளவு தணியும். குறைந்த காய்ப்பை எதிர்பார்க்கும் ஆண்டுக்கு முன்னால் கத்தரியை மிகக் கொஞ்சமாகவே பயன்படுத்த வேண்டும்.

அப்படியானால் முழு மரத்தையும் ஒரே மூச்சில் தூருக்கு வெட்டிப் புதிதாகத் தொடங்கலாமே என்ற எண்ணமும் எழுந்தது. ஆலிவ் அதையும் தாங்கும். 1956 பிப்ரவரியில் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியிலும், 1985 ஜனவரியில் இத்தாலியின் தஸ்கனியிலும் வந்த கடும் உறைபனியில் ஏராளமான ஆலிவ் மரங்கள் தரைமட்டம்வரை கருகின. தூரில் உறங்கிக் கிடந்த மொட்டுகளிலிருந்து போத்துகள் எழுந்து அவற்றில் பல மீண்டும் மரமாயின. ஆனால் அது சாவிலிருந்து மீள்வதற்கு மரம் வைத்திருக்கும் வழி. அப்படி எழும் மரம் மறுபடி காய்க்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அடிமரமும் முதன்மைக் கிளைகளும் நலமாக இருக்கும் மரத்துக்கு அந்தத் தண்டனை தேவையில்லை என்று கருதி, மூன்று குளிர்காலங்களுக்கு வேலையைப் பிரித்தேன். ஒரு பருவத்தில் இலைப்பரப்பில் நான்கில் ஒரு பங்குக்குமேல் எடுப்பதில்லை என்பது அளவு. இலைகள்தான் வேருக்கு உணவளிக்கின்றன, ஒரேயடியாகப் பாதியை எடுத்துவிட்டால், பெரிய வேர்த்தொகுதி சிறிய இலைப்பரப்பைப் பார்த்து அஞ்சியதைப்போல நீர்ப்போத்துகளை (காய்க்காமல் நேர்குத்தாக விரைந்து வளரும் சிம்புகளை) மட்டுமே எழுப்பும், காய்ப்பு தள்ளிப்போகும்.

நாள் பார்ப்பதில் இரண்டு செய்திகளைக் கணக்கில் கொண்டேன். கடும் பனிக்கு முன்னால் வெட்டினால் இளந்துளிர் கிளம்பிக் கருகும் என்பதால், உறைபனிக் காலம் கழிந்து, பூங்கொத்துகள் விரிவதற்கு முன்னுள்ள இடைவெளியே ஏற்றது. அதிலும் மழையற்ற, உலர்ந்த சில நாட்கள் தொடர்ந்து கிடைக்கும் வாரமாக இருக்க வேண்டும். ஆலிவ் கிளைகளில் கழலைகளாக வீங்கும் முடிச்சுநோயை உண்டாக்கும் சூடோமோனாஸ் சவஸ்டனோய் என்னும் பாக்டீரியா, ஈரத்தில் பரவி, வெட்டுக்காயம், இலை உதிர்ந்த தழும்பு, பனியாலோ ஆலங்கட்டியாலோ ஏற்பட்ட வெடிப்பு ஆகியவற்றின் வழியாகவே நுழைகிறது. அதை மருந்தால் குணப்படுத்த இயலாது. முடிச்சுள்ள கிளையை வெட்டி அகற்றுவதும், உலர்ந்த வானிலையில் மட்டும் கத்தரியை எடுப்பதும்தான் நம் கையில் உள்ளவை. இந்த மரத்தின் ஒரு பக்கக் கிளையில் அத்தகைய முடிச்சுகள் இருந்ததால், அந்தக் கிளையைக் கடைசியாக வைத்துக்கொண்டேன்.

கருவிகள் அதிகம் தேவைப்படவில்லை. விரல் பருமன்வரை கைக்கத்தரி, அதற்குமேல் நீண்ட பிடியுள்ள பெரிய கத்தரி, மணிக்கட்டுப் பருமனுக்கும் அதற்கு மேலும் வளைந்த பற்களுள்ள மடக்கு ரம்பம், உச்சிக்குக் கழியில் பொருத்திய ரம்பம். கத்தரியில் ஓர் அலகு மற்றதன்மேல் மோதி நசுக்கும் வகையைத் தவிர்த்து, இரண்டும் உரசிக் கடக்கும் வகையையே எடுத்துக்கொண்டேன். நசுங்கிய பட்டை எளிதில் ஆறாது. ஒரு கிளைத்தொகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போதும், முடிச்சுள்ள கிளையைத் தொட்டபின் கட்டாயமாகவும், 70 சதவீத ஆல்கஹாலால் அலகுகளைத் துடைத்தேன். பிளீச்சிங் கரைசலும் கிருமியைக் கொல்லும் என்றாலும், அது எஃகை அரிக்கும். நல்ல ரம்பம் வைத்திருப்பவர்கள் ஆல்கஹாலோடு நிற்பதே மேல்.

முதலில் தூரைத் தெளிவாக்கினேன். அடிப்போத்துகளைத் தரைமட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்கு நான்காகத் திரும்ப எழும் என்பதால், மண்ணை விலக்கி, அவை புறப்படும் இடத்தைக் கண்டு அடியோடு எடுக்க வேண்டும். இளம் போத்துகளைக் கையால் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடலாம். பருத்தவற்றுக்கு ரம்பம் வேண்டும். ஒட்டுக்கட்டிய மரமாக இருந்தால், ஒட்டுக்குக் கீழிருந்து வரும் போத்து வேர்ச்செடியினுடையது, அதாவது நல்ல இரகத்தை ஒட்டுவதற்கு அடியாக வைத்த செடியினுடையது; அது காட்டு ஆலிவாக இருந்தால் இலை சிறிதாகவும் உருண்டும் காணப்படும், சில சமயம் முள்ளும் இருக்கும். அதை வளரவிட்டால் நல்ல இரகத்தை மிஞ்சிவிடும்.

அடுத்து, மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து நிற்கவேண்டிய முதன்மைக் கிளைகளைத் தேர்ந்தேன். இந்தச் சுற்றுக்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் தகும். அடிமரத்தின் ஏறத்தாழ ஒரே உயரத்தில் புறப்பட்டு, வெவ்வேறு திசைகளில், செங்குத்துக்கும் கிடைமட்டத்துக்கும் நடுவே சரிந்து செல்லும் மூன்று அல்லது நான்கு கிளைகள், நடுவில் வெற்றிடம்: கிண்ண வடிவம் என்று சொல்லப்படுவது இதைத்தான். இந்த மரத்தில் அத்தகைய கிளைகள் நான்கு இருந்தன. அவற்றின் நடுவே நேராக எழுந்த மூன்று பெரிய கிளைகள்தான் வெளிச்சத்தை மறித்தன. மூன்றில் மிகப் பருத்த ஒன்றை முதல் குளிர்காலத்தில் முழுதாக எடுக்கவும், மற்ற இரண்டை உயரம் குறைத்து அடுத்த ஆண்டுகளுக்கு விடவும் முடிவு செய்தேன். உயரம் குறைக்கும்போது நடுத்தண்டில் மொட்டையாக வெட்டாமல், வெளிநோக்கிச் செல்லும் ஒரு பக்கக் கிளை வரை கொண்டுவந்து வெட்ட வேண்டும். அந்தப் பக்கக் கிளை, எடுக்கப்படும் தண்டின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால்தான் சாற்றோட்டத்தை ஏற்று நடத்தும். இல்லையென்றால் வெட்டுவாயைச் சுற்றிப் போத்துகள் வெடிக்கும்.

ஆலிவ் மரக்கட்டை கனமானது. பருத்த கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக அறுத்தால், பாதியில் அது தன் எடையால் முறிந்து, அடிமரத்தின் பட்டையைக் கீழ்வரை உரித்துக்கொண்டு விழும். எனவே முதலில் அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாம் வெட்டு, இதில் கிளை கீழே போய்விடும். மிஞ்சிய துண்டை மூன்றாவதாக அதன் கழுத்தில் அறுப்பது. கழுத்து என்பது கிளை புறப்படும் இடத்தில் சுருக்கங்களோடு சற்றே பருத்திருக்கும் வளையம். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970களில் விளக்கியதுபோல, மரம் காயத்தை ஆற்றுவதில்லை. அழுகல் பரவாதபடி உள்ளே தடுப்புகளை எழுப்பி, வெளியே புதுத் திசுவால் மூடுகிறது. அந்த மூடும் வேலை கழுத்திலிருந்துதான் தொடங்குகிறது. கழுத்தையே சீவிவிட்டால் காயம் பெரிதாகும். கழுத்துக்கு வெளியே துண்டு விட்டு வெட்டினால் அது காய்ந்து, அழுகலுக்கு வாசலாகும். வெட்டுவாய்க்குத் தார், மெழுகு, பசை எதையும் பூசவில்லை. அவற்றால் அழுகல் தடுக்கப்படுவதில்லை என்பதே ஷைகோவின் ஆய்வுகளும் காட்டியவை. முடிச்சுநோய் இருந்ததால் தாமிரக் கரைசல் மட்டும் தெளித்தேன். அதன் நோக்கம் வேறு.

நடுக்கிளை விழுந்தவுடனேயே உள்ளே வெயில் பாய்ந்தது. மகிழ்ச்சிக்குரியதுதான், ஆனால் ஆண்டுக்கணக்கில் நிழலில் இருந்த பட்டை அந்த வெயிலைத் தாங்காது. உச்சி வெயில் படும் கிளைகளின் மேற்பக்கம் வெந்து, வெடித்து, பின்னர் அழுகும். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பூச்சை அதே அளவு தண்ணீர் கலந்து, புதிதாக வெளிச்சம் பட்ட இடங்களுக்கெல்லாம் அடித்தேன். பார்ப்பதற்கு அழகாக இல்லை. அடுத்த கோடைக்குள் இலை மூடிக்கொள்ளும்.

பெரிய வெட்டுகள் முடிந்தபின் சிறு சிம்புகளின் வேலை. இங்கேதான் பலரும் தேவைக்குமேல் உழைக்கிறார்கள் என்பது என் கருத்து. பெரிய கிளை ஒன்றைச் சரியாக எடுத்தால் நூறு சிறு வெட்டுகள் மிச்சம். காய்ந்தவை, உள்நோக்கிச் செல்பவை, உரசுபவை ஆகியவற்றை நீக்கியபின், காய்த்துக் காய்த்துத் தொய்ந்து, நுனியில் விரற்கடை வளர்ச்சி மட்டுமே விட்டிருந்த சோர்ந்த சிம்புகளைத் தேடினேன். அத்தகைய சிம்பு வளையும் இடத்தின் மேற்புறத்தில் பெரும்பாலும் ஓர் இளஞ்சிம்பு எழுந்திருக்கும். அதை வாரிசாக விட்டு, அதற்கு முன்னால் உள்ள பழையதை எடுத்துவிட்டால் காய்ப்பு மரத்துக்கு அருகிலேயே திரும்பும். 20 முதல் 40 சென்டிமீட்டர் வரை நீண்டு, கிடையாகவோ சற்றே தொங்கியோ இருக்கும் சிம்புகளே நன்கு காய்ப்பவை; அவற்றை எங்கும் தொடவில்லை. நேர்குத்தாக எழுந்தவை இலைக்கே ஓடும். ஒவ்வொரு முதன்மைக் கிளையிலும் மேற்பகுதி குறுகியும் கீழ்ப்பகுதி அகன்றும் இருக்கும்படி விட்டால், மேலுள்ளது கீழுள்ளதன்மேல் நிழல் போடாது.

வெட்டிய கட்டைகளை மரத்தடியில் அடுக்கி வைக்கலாகாது. ஆலிவ் பட்டை வண்டு அத்தகைய வாடும் கட்டைகளில்தான் முட்டையிட்டுப் பெருகி, பிறகு உயிருள்ள சிம்புகளுக்குத் திரும்பும். பருத்தவற்றை அப்புறப்படுத்தினேன், நோயற்ற சிறு குச்சிகளைத் துண்டாக்கி மூடாக்காகப் போட்டேன். ஒரு பக்கம் மட்டும் திடீரென வாடி, இலைகள் உள்நோக்கிச் சுருண்டு காய்ந்த கிளைகள் இருந்திருந்தால், வெர்டிசீலியம் வாடல் என்று ஐயுற்று, அவற்றை மண்ணில் சேர்த்திருக்க மாட்டேன். அந்தப் பூசணம் மண்ணில் பல ஆண்டுகள் உறங்கும்.

கவாத்து முடிந்த கையோடு தாமிரப் பூசணக்கொல்லியை மரம் முழுதும் நனையத் தெளித்தது முடிச்சுநோய்க்காக மட்டும் அன்று. பழைய இலைகளில், மயில் தோகைக் கண்போல மஞ்சள் வளையம் சூழ்ந்த கரும்புள்ளிகள் தெரிந்தன. மயிற்கண் புள்ளி எனப்படும் இந்நோயின் பூசணம் குளிர்ந்த ஈரப் பருவத்தில் இலையில் தொற்றி, இலையை முன்னதாகவே உதிர்த்துவிடும். கோடை வெப்பத்தில் ஓய்ந்திருக்கும். மழைப்பருவம் தொடங்குவதற்கு முன் ஒருமுறை, கவாத்துக்குப் பின் ஒருமுறை என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது. செதில் பூச்சிக்குத் தனியாக எதுவும் அடிக்கவில்லை. அதன் இளங்குஞ்சுகள் உலர்ந்த வெப்பத்தைத் தாங்காதவை. நடுப்பகுதி திறந்த மரத்தில் முதல் கோடையிலேயே எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. எறும்புகள் ஏறாதபடி அடிமரத்தில் பசை தடவிய பட்டி கட்டியது, செதில் பூச்சியை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு வேலையை எளிதாக்கியிருக்கக்கூடும்.

உரத்தில் கையைக் கட்டிக்கொண்டேன். பெரிய கவாத்துக்குப் பின் தழைச்சத்து கொடுத்தால் அது முழுவதும் நீர்ப்போத்துகளுக்கே போகும். மென்மையான இலை மயிற்கண் புள்ளிக்கும் எளிதில் இலக்காகும். முதல் ஆண்டில் மட்கிய தொழு உரம் மட்டும், அதுவும் அடிமரத்தை ஒட்டாமல் கிளைநுனிகளின் நிழல் விழும் வட்டத்தில். ஆலிவில் போரான் பற்றாக்குறை அடிக்கடி காணப்படும். இலையின் நுனி மஞ்சளாகிக் கருகி, அடிப்பகுதி பச்சையாகவே நிற்பது அதன் அடையாளம். ஆனால் போரான் மிகுந்தாலும் நஞ்சு என்பதால், இலைப் பகுப்பாய்வு இல்லாமல் அதை இடுவது முறையன்று. வறட்சியைத் தாங்கும் மரம் என்பது உண்மை. நீர் தேங்கும் மண்ணை அது தாங்காது என்பது அதைவிட முக்கியமான உண்மை. பூக்கும் முன்னும், காய்க்குள் கொட்டை இறுகும் காலத்திலும் ஆழமாக நீர் பாய்ச்சினேன். மற்ற நேரங்களில் மண்ணைக் காயவிட்டேன்.

கவாத்தின் மறுபாதி கோடையில் வருகிறது. எதிர்பார்த்தபடியே, நடுக்கிளை எடுக்கப்பட்ட இடத்தைச் சுற்றியும், வளைந்த கிளைகளின் முதுகிலும் நீர்ப்போத்துகள் வரிசையாக எழுந்தன. பச்சையாக, மென்மையாக இருக்கும்போதே கையால் பிய்த்தால் அடிமொட்டுகளும் சேர்ந்து வந்துவிடும். கத்தரியால் வெட்டினால் அந்த மொட்டுகள் நின்று மீண்டும் துளிர்க்கும். எல்லாவற்றையும் பிய்த்துவிடவில்லை. வெயில் நேராகத் தாக்கும் இடங்களில் ஒன்றிரண்டைப் பட்டைக்கு நிழலாகவும், மொட்டையாக நீண்டிருந்த பழங்கிளைகளின் நடுவே, சரிந்த கோணத்தில் எழுந்த சிலவற்றைப் புதுக்கிளைகளாகவும் விட்டேன். பல ஆண்டுகள் உட்பகுதி மொட்டையாகிவிட்ட மரத்தில் இவைதான் காய்ப்பை உள்ளே மீட்டுக்கொண்டு வருபவை.

இளமரத்துக்கு இவ்வளவு நீளமான கதை இல்லை. முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் ஆலிவை எவ்வளவு குறைவாக வெட்டுகிறோமோ அவ்வளவு விரைவில் காய்க்கத் தொடங்கும். அடிப்போத்துகளையும், அடிமரத்தின் கீழ்ப்பகுதிச் சிம்புகளில் சிலவற்றையும், நடுத்தண்டோடு போட்டியிட்ட ஒரு நேர்குத்துக் கிளையையும் மட்டும் எடுத்தேன். கழியில் கட்டியிருந்த கயிறு பட்டையை இறுக்கத் தொடங்கியிருந்ததால் அதைத் தளர்த்தி எட்டின் வடிவில் மீண்டும் கட்டியது, கத்தரி வேலையைவிடப் பயனுள்ளதாக இருந்தது என்று நினைக்கிறேன். அடிமரத்தை உருவத்துக்குக் கொண்டுவரும் வேலைக்கு இன்னும் காலம் இருக்கிறது.

தொட்டி மரத்தில் வேர்கள் சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டிருந்தன. வெளியே எடுத்து, சுற்றிய வெளிவேர்களில் சிறு பங்கை நறுக்கி, அதே அளவுக்கு மேலே கிளைகளையும் குறைத்து, பெருமணல் கலந்த புது மண்ணில் வைத்தேன். அடித்துளை அடைபடாமல் இருப்பதே அதன் நலத்துக்கு முதல் நிபந்தனை. குளிர்காலத்தில் கதகதப்பான அறைக்குள் வைத்துக் காக்கும் ஆலிவ் இலையோடு நிற்குமே தவிரப் பூக்காது. பூப்பதற்கு அதற்குக் குளிர் தேவை.

முதிர்ந்த மரத்தின் முதல் பருவக் காய்ப்பு, எடுத்த கிளைகளின் அளவுக்குக் குறைந்தது. ஆனால் காய்கள் பருத்திருந்தன, கீழ்க்கிளைகளிலும் காணப்பட்டன. ஆலிவில் நூறு பூக்களுக்கு ஒன்றிரண்டு காயாக நின்றாலே நிறைவான மகசூல் என்பதால், கழித்த சிம்புகளோடு போன பூக்களை இழப்பாகக் கருத வேண்டியதில்லை. இரண்டாம் குளிர்காலத்தில், குறைந்த காய்ப்பு வரவிருந்ததால், உயரம் குறைத்த இரண்டு நடுக்கிளைகளைத் தொடாமல், முந்தைய கோடையில் விட்டிருந்த போத்துகளில் இடம் தவறியவற்றை மட்டும் எடுத்தேன். முதல் ஆண்டின் பெரிய வெட்டுவாயைச் சுற்றி, கழுத்திலிருந்து கிளம்பிய புதுத்திசு எல்லாப் பக்கமும் தடித்த வளையமாகச் சுருண்டிருந்தது; தென்மேற்குப் பக்கத்தில் மட்டும் அது மெலிந்திருந்ததால் அங்கே வெள்ளைப் பூச்சை மீண்டும் அடித்தேன். முடிச்சுநோய்க் கிளையை எடுத்த இடத்துக்கு அருகில் புதிய முடிச்சு ஒன்று விரல்நுனி அளவில் தெரிந்தது. அதை அப்போதே தனிக் கத்தரியால் நீக்கிவிட்டேன். மிஞ்சிய நடுக்கிளைகளில் வடபுறத்துக் கிளை, மிகுதியாகக் காய்க்கவிருக்கும் அடுத்த ஆண்டுக்கு முந்தைய கவாத்தில் கழுத்தோடு எடுக்கப்படும். தென்புறத்துக் கிளையின் நடுவில் சரிந்து எழுந்திருக்கும் போத்து அதற்குள் போதுமான அளவு பருத்துவிட்டால், அந்தக் கிளையை அதுவரை குறைத்து, அந்தப் போத்திடமே ஒப்படைத்துவிடலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன்.